எம்.ஆர். திரவ கிளட்ச்: கணக்கை வெப்பத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: காந்தப்புலம் பட்டதும் இறுகும் எம்.ஆர். (மேக்னடோரியாலஜிகல்) திரவத்தை வைத்து, ஒரு ஷாஃப்டின் சுழற்சியை வேண்டும்போது மட்டும் இன்னொன்றுக்குக் கடத்தும் கிளட்ச் ஒன்று செய்ய வேண்டும். 20 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கடத்த வேண்டும், உள்வரும் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்று ஓடும். டிஸ்க் வகையா (திரவம் தட்டின் முகங்களில்) டிரம் வகையா (திரவம் உருளையின் வளைபரப்பில்), திரவம் நிற்கும் இடைவெளி எவ்வளவு, காந்தப்புலம் தரும் காயிலுக்கு எத்தனை சுற்று, திரவத்தை நாமே கலந்துகொள்ளலாமா?

எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியில் இல்லாத ஒன்றைத்தான் முதலில் கேட்க வேண்டும்: இந்த கிளட்ச் எவ்வளவு நேரம் ஸ்லிப் ஆகும்? கணத்தில் இணைந்து பூட்டிக்கொள்ளுமா, இல்லை இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்குமா? 20 நியூட்டன் மீட்டரை எட்டுவது சுலபம். கிளட்ச் உருப்படுமா என்பதைத் தீர்மானிப்பது ஸ்லிப்பில் பிறக்கும் வெப்பம்.

முதலில் திரவத்தைப் பற்றிக் கொஞ்சம். எண்ணெயில் 1 முதல் 10 மைக்ரான் வரை அளவுள்ள கார்போனைல் இரும்புத் (மிகத் தூய இரும்பு) துகள்கள், கன அளவில் 20 முதல் 40 சதவீதம் வரை. புலம் இல்லாதபோது இது கெட்டியான எண்ணெய் மாதிரி ஓடும். புலம் வந்ததும் துகள்கள் புலக்கோடுகளின் திசையில் சங்கிலிகளாகக் கோத்துக்கொள்ளும். அந்தச் சங்கிலிகளை அறுத்தால்தான் திரவம் நகரும். அறுக்கத் தேவையான குறைந்தபட்ச வெட்டுத் தகைவைத்தான் ஈல்டு ஸ்ட்ரெஸ் என்கிறோம். நல்ல திரவங்களில் அது 50 முதல் 100 கிலோ பாஸ்கல் வரை போகும். அதற்கு மேல் இரும்பே காந்தச் செறிவு அடைந்துவிடும், காயிலில் எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் பெரிதாக ஏறாது. இதை ஃபெரோஃப்ளூயிடோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் துகள் சுமார் 10 நானோமீட்டர்தான். அழகாக முள் முள்ளாய் எழும்பும், ஆனால் சுமை தாங்காது.

இந்தத் திரவத்தின் முதல் வேலையே கிளட்ச்தான். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய அமைப்பில் வேலை பார்த்த ஜேக்கப் ராபினோ 1940களின் இறுதியில் கொண்டுவந்தது இரும்புத்தூளும் எண்ணெயும் கலந்த காந்தத் திரவ கிளட்ச். ஆனால் வணிகரீதியாகப் பெரிதாக ஓடியது வண்டிகளின் ஷாக் அப்சார்பரில், அதுவும் 2002இல் காடிலாக் செவில் வந்த பிறகு. கிளட்ச் ஏன் பின்தங்கியது? ஷாக் அப்சார்பரில் திரவம் முன்னும் பின்னும் ஓடிக் கலந்துகொண்டே இருக்கிறது, ஒட்டுமொத்தத் திரவமும் சூட்டைப் பகிர்ந்துகொள்கிறது. கிளட்ச்சிலோ ஒரு மில்லிமீட்டர் இடுக்கில் சிக்கிய சில மில்லிலிட்டர் திரவம் அத்தனை சூட்டையும் தனியாகத் தாங்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். டிஸ்க் வகையையே எடுத்துக்கொள்கிறேன்: ஒரு ஷாஃப்டில் டிஸ்க், மற்றதில் அதை இருபுறமும் மூடும் ஹவுசிங் என்ற வெளிக்கூடு, நடுவே திரவம். திரவம் வேலை செய்யும் வளையத்தின் வெளி ஆரம் 60 மில்லிமீட்டர், உள் ஆரம் 40. டிஸ்க்கின் இரண்டு முகத்திலும் 1 மில்லிமீட்டர் இடைவெளி. திரவம் சுமார் 30 சதவீத இரும்பு உள்ளது என்று வைத்துக்கொண்டால், மீட்டருக்கு 150 கிலோ ஆம்பியர் புலத்தில் சுமார் 40 கிலோ பாஸ்கல் எதிர்பார்க்கலாம். ஒரு முகத்தின் முறுக்குவிசை: இரண்டு பையை மூன்றால் வகுத்து, ஈல்டு ஸ்ட்ரெஸ்ஸால் பெருக்கி, ஆரங்களின் முப்படிகளின் வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். போட்டுப் பாருங்கள், 12.7 நியூட்டன் மீட்டர் வரும். இரண்டு முகத்துக்கு 25. கேட்ட 20 கைக்கு வந்துவிட்டது, கொஞ்சம் உபரியும் இருக்கிறது.

முப்படி வருவதைக் கவனியுங்கள். வெளி விளிம்புதான் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. உள் ஆரத்தை 40லிருந்து 20க்கு இறக்கினால் பரப்பு கூடும், காந்தப்பாயமும் (பரப்பு வழியே போகும் மொத்தக் காந்தம்) அதே விகிதத்தில் கூடுதலாகத் தேவைப்படும், ஆனால் முறுக்குவிசை அந்த அளவுக்கு ஏறாது. அதனால் அகலமில்லாத, பெரிய ஆரத்து வளையம்தான் எப்போதும் லாபம்.

இப்போது வெப்பம். 20 நியூட்டன் மீட்டரை நொடிக்கு 100 ரேடியன் வேக வித்தியாசத்தில் கடத்தினால், அதாவது வெளிச்செல்லும் ஷாஃப்ட் நின்றிருக்க உள்வரும் ஷாஃப்ட் சுமார் 1000 சுற்றில் ஓடினால், 2000 வாட் முழுக்கத் திரவத்தில் சூடாக மாறும். இடுக்கில் இருக்கும் திரவம் எவ்வளவு? இரண்டு முகமும் சேர்த்து 12.6 கன சென்டிமீட்டர், எடை சுமார் 38 கிராம். அதைச் சூடாக்க ஒரு டிகிரிக்குச் சுமார் 30 ஜூல் போதும். அப்படியானால் சூடு வெளியே போகாத பட்சத்தில் நொடிக்கு 65 டிகிரி ஏறும். வணிகத் திரவங்கள் பெரும்பாலும் 130 டிகிரி வரைதான் தாங்கும். இரண்டே நொடியில் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். நடைமுறையில் சுற்றியுள்ள இரும்பு சூட்டை உறிஞ்சிக் கொஞ்சம் அவகாசம் தரும், ஆனால் அது அவகாசம் மட்டும்தான். 180 மில்லிமீட்டர் விட்டமும் 60 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஹவுசிங், விசிறி இல்லாமல், சுற்றுப்புறத்தைவிட 60 டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும்போது வெளியேற்றுவது சுமார் 50 வாட். 2000 எங்கே, 50 எங்கே.

சூட்டைத் தாண்டி இன்னொரு எல்லையும் இருக்கிறது. வடிவமைப்பவர்கள் பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. புலத்தில் இறுகிய நிலையில் திரவத்தைத் தொடர்ந்து வெட்டிக்கொண்டே இருந்தால் துகள்களின் மேல்பரப்பு உதிர்ந்து, மிக நுண்ணிய தூள் எண்ணெயில் சேரும். திரவம் மெல்ல மெல்லக் கெட்டியாகி, கடைசியில் புலமே இல்லாமலும் பசை மாதிரி நிற்கும். நல்ல திரவங்கள் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கோடி ஜூல் வரை தாங்கும் என்பது இந்தத் துறையில் புழங்கும் அளவுகோல். நம்மிடம் 12.6 கன சென்டிமீட்டர், ஆக மொத்தம் 12.6 கோடி ஜூல். 2000 வாட்டில் அதை வகுத்தால் 63,000 நொடி. பதினேழரை மணி நேரம்! எவ்வளவு நன்றாகக் குளிர்வித்தாலும் திரவத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

இதே கிளட்ச்சை இணைத்து விடும் வேலைக்கு வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் 0.05 கிலோகிராம் சதுர மீட்டர் நிலைமத் திருப்புத்திறன் உள்ள ஒரு சுமையை நிலையிலிருந்து முழு வேகத்துக்கு இழுக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு தடவையும் ஸ்லிப்பில் கரைவது 250 ஜூல். கால் நொடியில் வேலை முடிந்துவிடும், திரவம் சுமார் 8 டிகிரி ஏறி இறங்கும். ஆயுள் 5 லட்சம் தடவை. பத்து நொடிக்கு ஒருமுறை இணைத்தால் சராசரி 25 வாட்தான், விசிறிகூடத் தேவையில்லை. அளவு, காயில், திரவம் எதுவும் மாறவில்லை. வேலை மாறியதும் ஒன்றுக்கும் உதவாத கிளட்ச் அருமையான கிளட்ச் ஆகிவிட்டது. அதனால்தான் முதலில் ஸ்லிப் நேரத்தைக் கேட்டேன்.

உங்கள் வேலையில் தொடர்ந்து ஸ்லிப் உண்டு என்றால் வழி இல்லாமல் இல்லை. ஸ்லிப் வேகத்தைக் குறைப்பதுதான் முதல் வழி: உள்வரும் வேகத்தை வெளிவேகத்துக்குச் சற்று மேலே மட்டும் வைத்துக்கொண்டால் அதே முறுக்குவிசைக்குச் சூடு பல மடங்கு குறையும். ரோபோ கைகளில் இந்த கிளட்ச் எடுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மோட்டார் மெதுவாக ஒரே சீராகச் சுற்றும், கிளட்ச் தேவையான அளவு முறுக்குவிசையை மட்டும் மூட்டுக்கு விடும். இரண்டாவது வழி, திரவத்தின் மொத்த அளவைக் கூட்டுவது. வேலை செய்யும் இடுக்குக்கு வெளியே ஒரு தேக்க அறை வைத்து, திரவம் இரண்டுக்கும் நடுவே சுற்றிவரும்படி வழி விட்டால் ஆயுளும் கூடும், சூடும் பரவும். நீர்க்குளிர்ப்பு வைக்கலாம்தான், ஆனால் அது சூட்டை மட்டும் தீர்க்கும், தேய்மானத்தைத் தீர்க்காது.

இனி இடைவெளி. ஈல்டு ஸ்ட்ரெஸ் தரும் முறுக்குவிசை இடைவெளியைப் பொறுத்ததே இல்லை, புலத்தின் வலிமை அப்படியே இருக்கும்வரை. இடைவெளி மாறினால் மாறுவது மற்ற மூன்று. புலம் இல்லாதபோது பாகுநிலை இழுக்கும் வெட்டி முறுக்குவிசை இடைவெளிக்கு எதிர்விகிதம்: நம் கணக்கில், பாகுநிலை 0.1 பாஸ்கல் நொடி என்றால், 1 மில்லிமீட்டருக்கு 0.33 நியூட்டன் மீட்டர், அரை மில்லிமீட்டருக்கு 0.65. காயிலின் ஆம்பியர்-சுற்று (மின்னோட்டத்தைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கிய அளவு) இடைவெளிக்கு நேர்விகிதம். திரவத்தின் ஆயுளும் நேர்விகிதம். கணிப்பொறியில் வடிவத்தைச் சீராக்குபவர்கள் காயிலைச் சின்னதாக்க இடைவெளியை 0.3க்கு இறக்கிவிட்டு, ஆயுளை மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டதைக் கவனிப்பதில்லை. இந்த அளவு கிளட்ச்சுக்கு 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை என் தேர்வு. டிஸ்க் 0.05 மில்லிமீட்டர் ஆடினாலும் அங்கே பெரிய பாதகம் இல்லை. சிறிய இடைவெளியில் இன்னொரு தொல்லையும் உண்டு. டிஸ்க் நடுவிலிருந்து சற்று நகர்ந்தால் இடைவெளி குறைந்த பக்கத்தில் காந்த இழுப்பு கூடும், அது மேலும் நகர்த்தும். பேரிங்கில் அச்சுத்திசை ஆட்டம் இருக்கவே கூடாது.

காந்தச் சுற்றில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். நம் டிஸ்க்கில் காயிலை டிஸ்க்கின் வெளிவிளிம்பைச் சுற்றி வைக்கிறோம். காந்தப்பாயம் ஒரு பக்கத் தட்டிலிருந்து இறங்கி, திரவம், டிஸ்க், மறுபக்கத் திரவம் வழியாக மறுதட்டுக்குப் போய், வெளி உறை வழியே திரும்புகிறது. ஆக மொத்தம் 2 மில்லிமீட்டர் திரவம். 150 கிலோ ஆம்பியரை 2 மில்லிமீட்டரால் பெருக்கினால் 300 ஆம்பியர்-சுற்று. இரும்பில் ஏற்படும் இழப்புக்கும் சேர்த்து 450 வைப்போம்.

இதுவரை காயில் ஹவுசிங்கோடு சேர்ந்து சுழல்கிறது, மின்சாரம் ஸ்லிப் ரிங் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் தரும் உரசு வளையம்) வழியாக வருகிறது. ஸ்லிப் ரிங் தொல்லை, காயிலை அசையாமல் வைத்துவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அப்போது சுழலும் ஹவுசிங்குக்கும் நிற்கும் காயில் உறைக்கும் நடுவே இரண்டு காற்று இடைவெளி வரும். 0.3 மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். திரவத்தில் இருக்கும் அதே 0.7 டெஸ்லா அந்தக் காற்றையும் கடக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் 167 ஆம்பியர்-சுற்று, இரண்டுக்கும் 334. திரவத்துக்கே 300தான் தேவைப்பட்டது! எம்.ஆர். திரவத்தின் காந்த உட்புகுதிறன் (காந்தத்தை ஊடே விடும் திறன்) காற்றைவிட மூன்று நான்கு மடங்கு என்பதால் வரும் வினை இது. காற்று இடைவெளியின் பரப்பை இரட்டிப்பாக்கினால் அங்கே புலம் பாதியாகும், இந்தக் கணக்கும் பாதியாகும். அசையாத காயில் வேண்டும் என்றால் அந்த இடத்தில் நீளமான உருளைப் பரப்பைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது தட்டின் தடிமன். வளையத்தின் பரப்பு 62.8 சதுர சென்டிமீட்டர், 0.7 டெஸ்லா என்றால் மொத்தப் பாயம் 4.4 மில்லி வெபர். அத்தனையும் 60 மில்லிமீட்டர் ஆரத்தில் தட்டின் குறுக்குவெட்டு வழியாக வெளியேற வேண்டும். மைல்டு ஸ்டீலை 1.5 டெஸ்லாவுக்கு மேல் தள்ளக் கூடாது என்றால் தட்டு 8 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். எடை குறைக்கிறேன் என்று 5 மில்லிமீட்டர் வைத்தால் அங்கே 2.3 டெஸ்லா கேட்கும். அந்த ஸ்டீலில் அது நடக்காது. தட்டு செறிவடைந்து, காயிலில் கூட்டும் ஒவ்வொரு ஆம்பியரும் வீணாகும். ஸ்டீலில் கார்பன் குறைவாக இருக்கட்டும், கடைசல் முடிந்ததும் அனீல் செய்யுங்கள் (சூடாக்கி மெல்ல ஆறவிடுங்கள்). இல்லாவிட்டால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் எஞ்சிய காந்தம் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி மீதி இருந்தால், அணைக்கும்போது திசை மாறி மாறித் தேயும் ஒரு மின்னோட்டத்தைக் கொடுத்துக் காந்தத்தைக் கழுவ வேண்டும். காயிலுக்கு உள்பக்கம் பாயம் குறுக்குவழியில் போகாமல் இருக்க அலுமினியம் அல்லது காந்தம் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம் போடுங்கள்.

காயில்: 300 சுற்று, 1.5 ஆம்பியர், 0.6 மில்லிமீட்டர் எனாமல் கம்பி. மின்தடை சுமார் 8 ஓம், சக்தி 18 வாட். முன்னே சொன்ன 50 வாட் குளிர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காயிலே தின்றுவிடுகிறது பாருங்கள். வேகத்துக்கு வருவோம். எம்.ஆர். திரவம் சில மில்லி நொடிகளில் இறுகிவிடும் என்று எங்கும் படிக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் இந்தக் காயிலின் தூண்டல் சுமார் 0.9 ஹென்றி. அதை 8 ஓமால் வகுத்தால் நேர மாறிலி, அதாவது மின்னோட்டம் ஏற எடுக்கும் நேரத்தின் அளவுகோல், 100 மில்லி நொடியைத் தாண்டுகிறது. 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கிளட்ச் சோம்பலாகத்தான் பிடிக்கும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் வைத்து, ஏற்றும்போது மட்டும் 48 வோல்ட் கொடுத்தால் 30 மில்லி நொடிக்குக் கொண்டுவரலாம். அதற்கும் கீழே போக வேண்டும் என்றால் சுற்று எண்ணிக்கையைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டுங்கள். அப்புறம் தடித்த இரும்பில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் குறுக்கே நிற்கும், அது வேறு சண்டை.

டிரம் வகை பற்றிக் கேட்டீர்கள். 60 மில்லிமீட்டர் ஆரம், 20 மில்லிமீட்டர் நீளம் உள்ள டிரம், ஒரு பரப்புக்கு 18 நியூட்டன் மீட்டர் தரும். எல்லாப் புள்ளியும் வெளி ஆரத்திலேயே இருப்பதால் திரவம் முழுக்க ஒரே அளவு உழைக்கும். அதிவேகத்தில் இது தெளிவான மேன்மை. நிமிடத்துக்கு 3000 சுற்றில் 50 மில்லிமீட்டர் ஆரத்தில் இருக்கும் துகள் புவியீர்ப்பைப் போல 500 மடங்கு விசையில் வெளியே தள்ளப்படும். டிஸ்க்கில் துகள்கள் விளிம்பில் குவிந்து உள்பக்கம் வெறும் எண்ணெய் மிஞ்சும், டிரம்மில் அவை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஓட இடமே இல்லை. உங்கள் 1000 சுற்றுக்கு டிஸ்க்கே போதும். கடைவதும் சுலபம், மேலும் முறுக்குவிசை வேண்டுமானால் இன்னொரு டிஸ்க்கை அடுக்கலாம்.

சீல் விஷயத்தில் ஒரே ஒரு விதி சொல்கிறேன்: சீல் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் இருக்கக் கூடாது. கசியும் புலம் இரும்புத் துகள்களை சீலின் உதட்டுக்கே இழுத்துச் சேர்க்கும், அது ஷாஃப்டை அரம் போல அராவிவிடும். சீல் அமரும் ஷாஃப்ட் பகுதியை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து, மேல்பரப்பைக் கடினமாக்கி நன்றாக மெருகேற்றுங்கள். ரப்பர் தேர்வும் எண்ணெயைப் பொறுத்தது. சிலிக்கான் ஆயிலில் சிலிக்கான் ரப்பர் ஊதிவிடும். ஹைட்ரோகார்பன் எண்ணெயில் இயற்கை ரப்பர் ஆகாது, நைட்ரைல் சரிப்படும்.

மின்சாரம் போனாலும் பிடி விடக் கூடாத வேலை என்றால், நிரந்தரக் காந்தம் ஒன்றைச் சுற்றில் சேர்த்து, காயிலை எதிர்ப்புலம் தர மட்டும் பயன்படுத்தலாம். மற்ற வேலைகளுக்கு அந்தச் சிக்கல் வேண்டாம்.

திரவத்தை நீங்களே கலக்கலாமா? முதல் மாதிரிக்குத் தாராளமாகக் கலக்கலாம். 100 மில்லிலிட்டருக்கு 30 சதவீதம் என்றால் கார்போனைல் இரும்பு 235 கிராம், எண்ணெய் 70 மில்லிலிட்டர். துகள்களுக்கு மேல்பூச்சாகக் கொஞ்சம் ஓலிக் அமிலம், படியாமல் தாங்க மிகக் கொஞ்சமாகப் புகைச் சிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்). முதலில் எண்ணெயில் அமிலத்தைக் கரைத்துவிட்டு, இரும்பைச் சிறுகச் சிறுகச் சேர்த்து நீண்ட நேரம் கலக்குங்கள். நுண்ணிய இரும்புத்தூள் தீப்பிடிக்கக்கூடியது. தூளாக இருக்கும்வரை தீப்பொறி, சுடர் எதுவும் அருகில் வேண்டாம், முகக்கவசம் இல்லாமல் கையாளவும் வேண்டாம். இரும்பின் அடர்த்தி எண்ணெயைப் போல எட்டு மடங்கு, அதனால் வீட்டுக்கலவை படியத்தான் செய்யும். ஒரு வாரம் அசையாமல் வைத்துவிட்டுக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். அடியில் மென்மையாகக் குழைந்தால் டிஸ்க் சுற்றியதும் மறுபடி கலந்துவிடும். கட்டியாக இறுகியிருந்தால் கிளட்ச்சில் ஊற்றாதீர்கள். முன்னே சொன்ன 1 கோடி ஜூல் ஆயுளை இந்தக் கலவையிடம் எதிர்பார்க்கவும் கூடாது. அதைத் தருவது வணிகத் திரவங்களில் உள்ள தேய்மானத் தடுப்புச் சேர்க்கைகள். ஆயுள் சோதனை என்று வந்துவிட்டால் வாங்கிய திரவம்தான்.

திரவத்தை ஊற்றும் முன், காலி இடைவெளியில் காஸ் மீட்டரின் மெல்லிய ஆய்வுமுனையை நுழைத்துப் புலத்தை அளந்துவிடுங்கள். திரவம் இல்லாததால் அளவு குறைவாகத்தான் காட்டும், கணிப்பொறி மாதிரியிலும் அந்த இடத்தில் காற்றைப் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் காந்தச் சுற்று சரி. பொருந்தாவிட்டால் எங்கோ தட்டு செறிவடைந்திருக்கிறது, இல்லை இணைப்பில் காற்று புகுந்திருக்கிறது. ஊற்றும்போது வெற்றிடத்தில் வைத்துக் குமிழ்களை எடுத்துவிடுங்கள். பிறகு புலமில்லாத இழுவை, நின்ற நிலையில் முழு முறுக்குவிசை, கடைசியாக ஸ்லிப் சோதனை என்ற வரிசையில் போங்கள். ஸ்லிப் சோதனைக்கு முன்பே தட்டுக்குள், திரவத்துக்கு 2 மில்லிமீட்டர் தொலைவில், வெப்பநிலை அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் இருக்க வேண்டும். ஹவுசிங்கின் வெளிப்புறத்தில் ஒட்டிய தெர்மோகப்பிள் 60 டிகிரி காட்டும்போது உள்ளே திரவம் 130ஐத் தாண்டியிருக்கக்கூடும்.